ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவி நலம், மகள் நலம், நான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நலம். அங்கே நீங்களும் அக்காவும் எல்லா வாரமும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், பதினேழு படி ஏறினால் உங்கள் அறை, இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன், வந்த விஷயத்தை மறந்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. ஆகவே எழுத்தில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமை என் எம்.பி.ஏ. படிப்பின் நிறைவு நாள். மாணவர்களை அனுப்பிவைத்த முதலாளிகளுக்கெல்லாம் கல்லூரியிலிருந்து பளபளப்பான அழைப்பிதழ் வரும். முன்வரிசையில் நாற்காலி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு. தயவுசெய்து வராதீர்கள் அத்தான். என் வேலையே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கான பகுதி நேர எம்.பி.ஏ. என்ற விளம்பரத்தைக் கத்தரித்து என் மேஜையில் வைத்தது நீங்கள்தான். "படிச்சு முடிச்சிட்டு வா, உன்னப் பொது மேலாளராப் போடுறேன். படிக்காமப் போட்டா, பொண்டாட்டி தம்பின்னு தூக்கி வெச்சான்னு நாலு பேர் பேசுவான்" என்றீர்கள். அந்த நாலு பேர் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் அப்போது சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் நுழைவுத் தேர்வு கிடையாது, அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அனுப்புதல் பிரிவு மேலாளராக நான் கழித்த இருபத்திரண்டு வருடத்தையும் உட்கார்ந்து எழுதினேன். ஏழு வரி வந்தது. என் மகள் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம் விட்டு, எப்படியோ பக்கத்தை நிரப்பினாள். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் இவருக்கு விடுப்புத் தருகிறோம் என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை நீங்கள் காரில் ஏறப்போகும்போது கார்க் கதவின் மேலேயே வைத்து, வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள்.

படிப்பின் அமைப்பு இதுதான் அத்தான். மொத்தம் இருபது மாதம். அதை ஆறு பருவமாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளியும் நம் கம்பெனி விடுமுறையான சனியும், காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை வகுப்பு. முதல் மூன்று பருவம் எல்லோரும் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும், அதற்கப்புறம் விருப்பப் பாடம், கடைசிப் பருவம் முழுக்கத் திட்ட அறிக்கை. கேட்டால் வெள்ளிக்கிழமை விவகாரம் மாதிரித்தான் இருக்கும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். படிக்க வேண்டியதும் எழுத வேண்டியதும் குழுவாகக் கூடிச் சண்டை போட வேண்டியதும் நடுவில் வருகிற பன்னிரண்டு நாளில். பகுதி நேரம் என்று பெயர் வைத்தது படிப்பை நினைத்து இல்லை. வேலை, வீடு, சாப்பாடு இவையெல்லாம்தான் இனிமேல் பகுதி நேரம் என்று அர்த்தம். வீட்டில் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் என் மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறாள், மறுபக்கம் நான் நிதி மேலாண்மை படிக்கிறேன், நடுவில் என் மனைவி ரசப் பாத்திரத்தை வைக்க இடம் தேடுகிறாள். முதல் பருவத்தில் எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று வந்த அன்று மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க காலேஜ்ல பேரன்ட்ஸ் மீட்டிங் இருந்தா சொல்லுங்க, நானும் அம்மாவும் வர்றோம்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை.

படிப்பு தொடங்கும்போது ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டும். அப்போதே ஆளுக்கு ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். இருபது மாதமும் அதே குழு, பாதி மதிப்பெண் குழுவுக்குப் பொது, விலக வழி கிடையாது. கல்யாணத்திலாவது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். எங்கள் குழுவில் என்னோடு சேர்த்து நாலு பேர். ஒருவர் மூன்று கிளினிக் நடத்தும் பல் டாக்டர். ஒருவர் வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருக்கும் அம்மா. நீங்கள் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் அதற்கு ஆதாரம் கேட்பவர். மூன்றாமவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், அவருக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்திருக்கிறோம். "டீ குடிக்கலாமா?" என்றால் மூன்று வட்டம் போட்டு ஓர் அம்புக்குறியோடு திரையில் காட்டுவார். முதல் வாரம் நம்பிக்கைப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் அப்படியே சாய வேண்டும், குழுவில் ஒருவர் தாங்கிப் பிடிப்பார். நான் நம்பிக்கையோடு சாய்ந்தேன். பல் டாக்டருக்குப் போன் வந்தது. "ஒரு நிமிஷம் சார், எமர்ஜென்ஸி" என்ற சத்தத்தை நான் போகிற வழியில் கேட்டேன். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை.

பாடம் நடத்துவதும் நாம் பார்த்த மாதிரி இல்லை. பதினான்கு பக்கத்துக்கு ஒரு கதை கொடுப்பார்கள். எங்கேயோ ஒரு கம்பெனி, அதில் ஒரு மேலாளர், அவருக்குத் தலைக்கு மேல் வெள்ளம். நாம் பதறிப்போய்ப் பக்கத்தைப் புரட்டினால், கடைசி வரியில் "அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்" என்று முடித்துவிடுவார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் டாக்டரின் அகலமான முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து வைத்திருந்தேன், அப்படியும் மாட்டுவேன். என்ன சொன்னாலும் பேராசிரியர் "சுவாரசியமான கோணம்" என்பார். எது சரி என்று கடைசி வரை சொல்லமாட்டார். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவிக்கு ஆறவில்லை. "அந்த மனுஷனுக்கு அப்புறம் என்னதான் ஆச்சுங்க? வேலை போச்சா இல்லையா? இதக்கூடச் சொல்லாம எப்படி ஒரு காலேஜ் நடத்துறாங்க?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலைமைப் பண்புப் பாடத்துக்காக வீட்டிலும் வேலையிலும் நம்மைப் பற்றி ஒரு படிவம் நிரப்பி வாங்க வேண்டும், யார் எழுதியது என்று தெரியாது என்று சத்தியம் செய்தார்கள். மூன்று படிவம் திரும்பி வந்தது. ஒன்றில் "நல்லவர்" என்று மட்டும் இருந்தது, அது நம் சூப்பர்வைசர். ஒன்றில் எல்லாக் கட்டத்திலும் ஒரே கோடாக இழுத்து டிக் அடித்திருந்தது, அது நீங்கள். மூன்றாவதில், "சொன்னதைக் கேட்டுக்கொள்வார், எழுதியும் வைத்துக்கொள்வார், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அந்தக் கையெழுத்தில்தான் எங்கள் வீட்டு மளிகைச் சீட்டும் வரும்.

இதெல்லாம் பரவாயில்லை அத்தான். ஆறாவது பருவத்துக்கு வருகிறேன். குழுவில் ஒருவருடைய நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, உண்மையான விவரங்களை வைத்து, என்ன குறை என்று கண்டுபிடித்து அதற்கு வழியும் சொல்ல வேண்டும். நோயாளிகள் விவரத்தை வெளியில் தர முடியாது என்று டாக்டர் ஒதுங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார் வங்கி அம்மா. ஸ்லைடுக்கு அவர் கம்பெனியில் என்ன தயாராகிறது என்றே சரியாகத் தெரியவில்லை. அப்போது என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. "எங்க கம்பெனிய எடுத்துக்கலாமே. என் டிபார்ட்மென்ட்ல ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். சொல்லிவிட்டு, படிப்பு தொடங்கியதிலிருந்து தினம் எத்தனை லோடு வெளியே போனது என்ற விவரத்தை நானே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதுகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போடும்.

வங்கி அம்மா அதை வரைபடமாகப் போட்டார். கோடு சமமாகப் போய்க்கொண்டே இருந்தது, நாளொன்றுக்குப் பத்தொன்பது லோடு, இருபது லோடு. நடுநடுவே மட்டும் குபுக்கென்று இருபத்தாறுக்கு எழும்பி மறுபடி இறங்கியது. "இது என்ன சார், ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இவ்வளவு லோடு போகுது? அன்னைக்கு அங்க என்ன விசேஷம்?" என்று கேட்டார். நானும் ஆர்வமாகக் குனிந்து பார்த்தேன். அந்த நாட்களில் நடந்த நல்ல காரியம் எதுவோ அதைக் கண்டுபிடித்து எல்லா நாளும் செய்தால் நமக்கு முதல் பரிசுதான் என்றுகூடச் சொன்னேன். ஸ்லைடுதான் மெதுவாக, "சார், அந்த வெள்ளிக்கிழமையெல்லாம் நாம இங்கதானே இருக்கோம்?" என்றார். பல் டாக்டர் என் தோளில் கை வைத்து, பல் பிடுங்குவதற்கு முன் சொல்கிற அதே குரலில், "கொஞ்சம் வலிக்கும் சார்" என்றார்.

நம் கம்பெனியில் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் வராதவன் ஒருவன்தான் அத்தான்.

அதோடு விட்டார்களா? நான் இருக்கும் நாளில் என்ன செய்கிறேன் என்று கேட்டார்கள். ஒவ்வொரு லோடிலும் மூன்றாவது கட்டைப் பிரித்து, ஒரு பெட்டியை எடுத்து விரித்து, நாலு மடிப்பையும் மடக்கிப் பார்த்து, திரும்பக் கட்டி, அப்புறம்தான் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். ஒருமுறை அளவு மாறி ஒரு லோடு திரும்பி வந்து நீங்கள் வாசலில் நின்று கத்தினீர்களே, அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம். "இத்தனை வருஷத்துல மூணாவது கட்டுல எத்தனை தப்பு கண்டுபிடிச்சிருக்கீங்க சார்?" என்று வங்கி அம்மா கேட்டார். ஒன்று. அதுவும் முந்தின நாள் நானே பிரித்துப் பார்த்துவிட்டு மாற்றிக் கட்டிய கட்டு.

மறுநாள் வேலைக்கு வந்ததும் லோடிங் மேடைக்குப் போய் சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் இல்லாத வெள்ளிக்கிழமையில நீங்கல்லாம் என்னய்யா பண்றீங்க?" என்று கேட்டேன். அவர் பயந்துபோய், "ஒண்ணும் பண்றதில்ல சார். வண்டி வரும், ஏத்துவோம், போயிடும்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடையில் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் அந்த இடம் ஒரு நாள்கூட ஓடாது என்று நினைத்துத்தான் அக்கா வீட்டு விசேஷத்துக்குக்கூடக் கடைசி ஆளாக வந்திருக்கிறேன், மகள் பள்ளி ஆண்டுவிழா எதற்கும் போனதில்லை. ஓடாத இடத்தை நான் ஓட்டவில்லை, ஓடுகிற இடத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள இருபது மாதம், ஆறு பருவம்.

வேறு தலைப்பு எடுக்கலாம் என்று குழுவிடம் மன்றாடினேன். ஓட்டெடுப்பு வைத்தார்கள், மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வங்கி அம்மாவின் பதவி உயர்வு இந்த மதிப்பெண்ணில் இருக்கிறது. இரக்கப்பட்டு என் பெயரைப் போடாமல் "ஊழியர் அ" என்று போட ஒத்துக்கொண்டார்கள். ஸ்லைடு அந்த ஊழியர் அ-வுக்கு ஒரு சின்னப் படமும் வரைந்திருக்கிறார். கையில் பேனா, காலடியில் பிரித்த கட்டு, வழுக்கைத் தலை. மேடையில் இதை நானே நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் தொழிற்சாலை விஷயம் தெரிந்தவன் நான்தானாம். முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே அத்தான், அழைப்பிதழ் வந்தால் உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பொது மேலாளர் பதவியும் எனக்கு வேண்டாம், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று வரைபடமே சொல்லிவிட்டது. இருக்கிற நாற்காலியை மட்டும் விட்டுவைத்தால் போதும். நாளையிலிருந்து மூன்றாவது கட்டைத் தொடமாட்டேன். என்னால் அந்த லோடிங் மேடைக்கு இத்தனை வருடம் ஏற்பட்ட தாமதத்துக்கு உங்களிடம் மனமாரக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். அவள் கேட்டால் படிப்பு நன்றாகப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். நீங்கள் எல்லோரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ, வேலையில் இருக்கும்வரை வாழ்த்தும்,

உங்கள் அன்பு மைத்துனன்,
அனுப்புதல் பிரிவு (கீழ்த்தளம்).

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் நான்கு நாள் முன்பு எழுதி, உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். ஒட்டாதது நல்லதாகப் போயிற்று. மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். நிறைவு நாளுக்கு அவசியம் வாருங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் அறிக்கையைப் படித்த புள்ளியியல் பேராசிரியர், ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: "அன்றைக்கு வேறு யார் யார் இல்லை?" வங்கி அம்மா விடுவாரா? வாசல் காவலரின் வண்டிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, படிப்பு தொடங்கிய நாளிலிருந்து வரி வரியாகப் பார்த்தார். நான் வகுப்பில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமைகூட உங்கள் கார் உள்ளே வரவில்லை. உடனே படிப்பு தொடங்குவதற்கு முந்தின வருடக் கணக்கையும் தோண்டினார். உங்களுக்கு முழங்கால் சிகிச்சை நடந்த இரண்டு வாரம், நான் இருந்தேன், மூன்றாவது கட்டைப் பிரித்தேன், நீங்கள் இல்லை: நாளொன்றுக்கு இருபத்தாறு லோடு. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம், நான் இல்லை, நீங்கள் இருந்தீர்கள்: பத்தொன்பது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "முதலாளி பதினோரு மணிக்குக் கீழ வந்து, இந்த வண்டிய நிறுத்து, அந்த வண்டிய முதல்ல விடும்பாரு சார். ஏத்துனத இறக்கி, இறக்குனத ஏத்துவோம். ரெண்டு மணி நேரம் போயிடும். அந்த நேரத்துலதான் நீங்க கட்டப் பிரிச்சுப் பார்த்துட்டு இருப்பீங்க" என்றார். இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க உங்களப் பத்தித்தானே சார் கேட்டீங்க?" என்றார்.

ஊழியர் அ-வின் படத்தை எடுத்துவிட்டோம். ஸ்லைடு புதிதாக "உரிமையாளர் ஆ" என்று ஒன்று வரைந்திருக்கிறார், கார் அருமையாக வந்திருக்கிறது. பொது மேலாளர் பதவி வேண்டாம் என்று எழுதிய வரியையும், மன்னிப்புக் கேட்ட வரியையும் வாபஸ் பெறுகிறேன்.

ஒரு விவரத்தைச் சரிபார்க்க நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். "என்னடா கேக்குற? நீ இல்லாத வெள்ளிக்கிழமையெல்லாம் உன் வேலையையும் சேர்த்துப் பாக்கணும்னு காலையிலயே கிளம்பிடுவாரே. பாவம், சாயங்காலம் அவ்வளவு களைச்சுப்போய் வருவாரு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை அத்தான், பதிவேட்டில் இருப்பதை மட்டும் படித்துக் காட்டினேன். நீங்கள் அன்றெல்லாம் எங்கே போனீர்கள் என்பது எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது, எனக்கும் தெரிய வேண்டாம். ஆனால் எங்கள் உரை முடிந்ததும் பார்வையாளர்கள் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கேள்வியைத் தான் கேட்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.